அண்ணன்தான் அட்மின்

1

பார்க்கும் உரிமை, திருத்தும் உரிமை, அட்மின் உரிமை. இந்த மூன்றில் எதை யாருக்குக் கொடுப்பது, எதை யாரிடமிருந்து பிடுங்குவது என்பதுதான் ஜெர்மனியில் எனக்குச் சோறு போடும் வேலை. ஹாம்பர்க்கில், பயணப் பத்திரிகைகளுக்குப் படங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் புகைப்படங்கள் வந்து ஒரு மென்பொருளுக்குள் விழும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, எந்த ஊர், யார் இருக்கிறார்கள், யார் எடுத்தது, எதுவரை பயன்படுத்தலாம் என்று குறிச்சொல் போட வேண்டும். ஒரே படம் இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றைத் தள்ள வேண்டும். பிறகு உரிய ஃபோல்டரில் வைக்க வேண்டும். ஊரில் கேட்டால் "போட்டோ அடுக்கற வேலை" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் விளக்கினால் "இதுக்கா அவ்ளோ தூரம் போன?" என்பார்கள். நியாயமான கேள்விதான், பதில் கிடையாது.

கொஞ்ச நாளைக்கு முன்பு எங்கள் செஞ்சிக் கோட்டையே என் திரையில் வந்து விழுந்தது. எடுத்தவர் நன்றாகத்தான் எடுத்திருந்தார். பக்கத்து மேஜைக்காரி போட்டிருந்த குறிச்சொற்களைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடிபாடு, காடு, தனிமை, கைவிடப்பட்ட இடம். யாரம்மா கைவிட்டது? ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. குரங்கு கையிலிருக்கும் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் நம் எதிரிலேயே உட்கார்ந்து தின்னும். தனிமையாம். அத்தனையையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். "உனக்கு இந்த இடம் தெரியுமா?" என்று கேட்டாள். பஸ் ஜன்னலில் தினமும் பார்த்தது என்றேன்.

அந்தக் கோபம் ஒரு டீ குடித்ததும் போய்விட்டது. நான் எழுத உட்கார்ந்தது போகாத கோபத்தைப் பற்றி.

2

நைனா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. செய்தி வந்த அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். என் ஜெர்மன் பாதி வகுப்பில் படித்தது, மீதி இந்த மென்பொருளின் பொத்தான்களைப் பார்த்துப் படித்தது. விடுப்புக் கேட்க ஓடினபோது அழுகைக்கு நடுவில் வாயில் வந்தது பொத்தானில் இருக்கிற சொல். "என் அப்பா டெலீட் ஆகிவிட்டார்" என்று மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை, தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் சொன்னது இன்னதென்று திரும்பி வந்த பிறகு ஒரு தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்தில் எங்கள் ஊர். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செய்வதற்கு வேறொன்றும் தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். டிரங்குப் பெட்டியில் இருந்த ஆல்பங்களையும், அலமாரியில் காகிதம் சுற்றிக் கிடந்த தனிப் படங்களையும், எல்லோருடைய போனில் இருந்ததையும் எடுத்து ஒன்றுவிடாமல் ஸ்கேன் செய்தேன். அலுவலகத்தில் இருப்பதைப் போலவே, குடும்பங்களுக்கென்று சின்ன அளவில் ஒரு மென்பொருள் கிடைக்கிறது. அதில் ஏற்றினேன். இனி இதில் பத்திரமாக இருக்கும் என்ற தைரியத்தில், செல்லரித்து உதிர்ந்துகொண்டிருந்த ஆல்பங்களைத் தூக்கிப் போட்டேன், வேறு பிரதியும் வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் போட்டேன். ஒரு முகத்துக்கு நாலைந்து படங்களில் பெயர் சொல்லிவிட்டால், மீதிப் படங்களில் அதுவே தேடிக் கண்டுபிடித்து "இவரா?" என்று கேட்கும். குழந்தையாக இருந்த முகத்தையும் தாடி வைத்த முகத்தையும் ஒரே ஆள் என்று அது சொல்வதைப் பார்த்து அம்மா மூக்கின்மேல் விரல் வைத்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு அட்மின் யார் என்று கேட்டது. கணக்கைத் தொடங்கியது நான், படம் ஏற்றியது நான், பெயர் போட்டது நான். ஆனாலும் என் கை அண்ணன் பெயரைத்தான் அடித்தது. ஏழுமலை அண்ணன் மூத்த பிள்ளை, கொள்ளி வைத்தவன். பத்திரிகை அடித்தால் அவன் பெயருக்குப் பிறகுதான் எங்கள் பெயர். இதிலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? யாரும் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. அலுவலகத்தில் என் மேலதிகாரிக்கே அட்மின் உரிமை கிடையாது, அவர் கேட்டபோது விதியைக் காட்டி மறுத்தவள் நான். அண்ணன் என்றதும் அந்த விதியெல்லாம் கடல் தாண்டி ஓடிவிட்டது. எனக்கும் தங்கைக்கும் திருத்தும் உரிமை, அவனுக்கு எல்லா உரிமையும். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

3

தங்கை தேன்மொழி எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. எங்களுக்கு அவள் தேனு. செஞ்சியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்தபோது அருள்தாஸைப் பிடித்துப்போய், நாலு வருஷத்துக்கு முன்பு மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டாள். அருள்தாஸ் வேதக்காரப் பையன். செஞ்சி பஜாரில் மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறான். குடிக்க மாட்டான், ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டான். நாங்கள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருந்தால் இப்படி ஒருவன் கிடைத்திருக்க மாட்டான். அண்ணன் அன்றைக்குச் சொன்னது இது: "எனக்கு ஒரே ஒரு தங்கச்சிதான். அவ ஜெர்மனில இருக்கறா." அதோடு சரி. தேனுவின் பெயர் அவன் வாயில் வந்ததேயில்லை. "அது" என்பான், "அந்தப் பக்கம்" என்பான்.

நைனாவின் சாவுக்கு வந்த தேனுவைத் தெரு முனையிலேயே நிறுத்தியிருக்கிறான். நாலு பேர் எதிரில் அவன் சொன்ன நியாயம்: "சாவற வரிக்கும் எங்க நைனா அந்த ஊட்ல பச்சத்தண்ணி குடிக்கல." அது ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சாகிவிட்டது. கௌரவமான மனுஷன், மகளே ஆனாலும் வாசல் மிதிக்கவில்லை என்று.

பொய். உரம் வாங்க, கண் டாக்டரைப் பார்க்க, பத்திரம் நகலெடுக்க என்று நைனா செஞ்சிக்கு பஸ் ஏறிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு பத்திரம் கிடையாது. இறங்கி நேராகத் தேனு வீட்டுக்குத்தான் போவார். கையில் அம்மா கட்டிக் கொடுத்த வறுத்த மல்லாட்டைக் கடலை இருக்கும். படம் எடுக்க விட மாட்டாராம். "நாங்க இருக்கறது ஏழுமல ஊட்லம்மா, வம்பு வேணாம்" என்பாராம். ஒரு கிறிஸ்துமஸ் அன்று மட்டும் விட்டிருக்கிறார். தரையில் சம்மணம் போட்டு, எவர்சில்வர் தட்டில் சோறும் கறிக்குழம்பும். வாய் நிறையச் சோறு, சிரிப்பு தாங்காமல் கன்னம் உப்பியிருக்கிறது. தட்டில் கைவைக்க வரும் பேரனை இடது கையால் தடுத்துக்கொண்டிருக்கிறார். நெற்றியில் விபூதி. பின்சுவரில் மாதா படம், அதைச் சுற்றி சீரியல் லைட்டு.

இந்தப் படத்தை நைனா இறந்து பல மாதம் கழித்துத்தான் தேனு எங்கள் கணக்கில் ஏற்றினாள். நான் பதறிப்போய் போன் செய்தேன்.

"அண்ணன் பாக்குமே, தேனு."

"பாக்கட்டுமேக்கா. நைனாவே போயிட்டாரு, இன்னும் யாருக்கு பயந்துக்கினு இருக்கணும்?"

"உங்கிட்ட ஒரு காப்பி இருக்குதில்ல?"

"போன்ல எடமில்லக்கா. அதுல போட்டாச்சுல்ல, இங்க அழிச்சிட்டேன். அதுல இருந்தா பத்திரமா இருக்கும்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன்.

4

என் மகள் இனியாவுக்கு ஒன்பது வயது. அவளுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் இறங்காது. செஞ்சி என்பது அவளுக்கு ஒரு டேப்லெட்டுக்குள் இருக்கும் ஊர். ஆனால் தேனு சித்தி என்றால் உயிர். சித்தியின் பெயரை ஜெர்மன் எழுத்தில் அடித்து, வரிசையாக வரும் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது அவள் சாப்பிடும் நேரத்து வேலை. ஒரு நாள் நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"அம்மா, சித்தி வெக்."

'வெக்' என்றால் ஜெர்மனில் காணோம், போய்விட்டது என்று அர்த்தம். தப்பாக அடித்திருப்பாள் என்று நான் அடித்தேன். முடிவுகள் இல்லை. தமிழில் அடித்தேன். முடிவுகள் இல்லை. தேன்மொழி என்று ஒருத்தி எங்கள் வீட்டில் பிறக்கவே இல்லை.

யார் எதைத் திறந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று மென்பொருள் குறித்து வைத்திருக்கும். எடுத்துப் பார்த்தேன். அண்ணன் முதலில் நைனா சாப்பிடும் படத்தைத் திறந்திருக்கிறான். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். அதன் பிறகு தேடல் பெட்டியில் தேன்மொழி என்று அடித்திருக்கிறான். வாயால் சொல்லாத பெயரை விரலால் அடித்திருக்கிறான். அனைத்தையும் தேர்ந்தெடு. நீக்கு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது அழித்ததற்காக மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் ஒருத்தியை ஆல்பத்திலிருந்து நீக்க வேண்டுமென்றால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒவ்வொரு படத்தையும் பார்க்க வேண்டும். மொட்டையடித்த தேனு, காது குத்தும்போது அழுத தேனு, முன்பல் விழுந்த தேனு, எல்லோரையும் ஒரு தடவையாவது பார்த்துத்தான் வெட்ட முடியும். எங்கேயாவது ஓரிடத்தில் கை நின்றிருக்கும். இவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒவ்வொரு முகமாகத் தேடி நான் போட்டு வைத்திருந்தேனே பெயர், அது அவனுக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது. ஒரு படத்தைக்கூட அவன் பார்க்கவில்லை.

தோசை கருகட்டும் என்று போனை எடுத்தேன்.

"இன்னாண்ணா பண்ணிவச்சிருக்கற?"

"இன்னா பண்ணேன்?"

"தேனு போட்டோ ஒண்ணுகூட இல்ல."

"வேண்டாததெல்லாம் எடுத்துட்டேன். அட்மின்னா அதுக்குத்தான?"

"நைனா சாப்பிடற போட்டோவுமா வேண்டாதது?"

"அது நைனாவே இல்ல. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல எத வேணா செய்யறானுங்க. அந்த வேலைல இருக்கறவ நீ, உனக்குத் தெரியாதா?"

"அவரு சட்டைல இருக்கற மைக்கறைகூட எனக்குத் தெரியுது, உனக்கு மூஞ்சி தெரியலியா?"

"தபாரு அமுதா. பெரியவன் நான் இருக்கறேன். எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு நான் பாத்துக்கறேன். நீ உன் வேலயப் பாரு. இன்னும் ரெண்டு வாரத்துல குப்பைலேர்ந்தும் போயிடும்னு அதுவே எழுதிக் காட்டுது."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, "போன வச்சிடு ஏழுமல" என்று. வைத்துவிட்டான். நான் தோசைக் கரண்டியைத் தொட்டியில் விட்டெறிந்தேன். இனியா டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

5

குப்பைத் தொட்டியிலிருந்து மீட்க அட்மினால்தான் முடியும். மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். என் அண்ணன் என் தங்கையை நீக்கிவிட்டான், தயவுசெய்து மீட்டுக் கொடுங்கள் என்று. பதில் உடனே வந்தது. உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம், கீழே உள்ள உதவிப் பக்கம் பயன்படும் என்று. திறந்தால், 'ஒரு நபரின் பெயரை நீக்குவது எப்படி' என்ற பாடம்.

மறுபடி எழுதினேன். கணக்கின் அட்மின் நீங்கள் இல்லை என்றார்கள். தொடங்கியதே நான் என்றேன். அதை ஒப்புக்கொள்கிறோம், ஆனால் மாற்றிக் கொடுத்ததும் நீங்கள்தான் என்றார்கள். அவன் தப்பு செய்கிறான் என்றேன். அட்மின் செய்தது அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது, குடும்பத் தகராறுகளில் நாங்கள் தலையிடுவதில்லை, உங்கள் நாள் இனிதாகட்டும் என்றார்கள். விசா அலுவலகத்தில் இந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன், வாடகை வீட்டு அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். இனிக்க இனிக்கக் கதவைச் சாத்தும் குரல். இதற்கு எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் முகத்துக்கு நேராகத் திட்டுகிறவன் எவ்வளவோ மேல்.

இதே பதிலை நானும் ஒவ்வொரு வாரமும் யாருக்காவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்பது வேறு. அன்று அலுவலகத்தில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தேனுவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "நானு போனா போறேன்க்கா. அந்த ஒரு போட்டோவ மட்டும் எப்டியாவது எடுத்துக் குடு. எங்க ஊட்ல நைனா சாப்டாருன்னு சொல்ல எங்கிட்ட வேற ஒண்ணுமில்ல" என்றாள். நாள் ஓடிக்கொண்டிருந்தது.

6

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அண்ணனே போன் செய்தான். சண்டை போட்ட சுவடே இல்லை.

"அமுதா, நைனாவுக்கு வருஷ திதி வருதில்ல? பஸ் ஸ்டாண்டாண்ட ஃப்ளெக்ஸ் வெக்கணும். கோட்டைல நானும் நைனாவும் நிக்கற படம் எங்க வச்ச? தேடித் தேடிப் பாக்கறேன், கெடக்கல."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோட்டையில் சுற்றித் திரியும் போட்டோக்காரர் ஒருவர் எடுத்த படம் அது. எங்கள் வீட்டில் நைனா கம்பீரமாக இருக்கும் ஒரே படம், மற்றதிலெல்லாம் கூட்டத்தில் ஓரமாக நிற்பார். அண்ணன் அரை டிரவுசரில் விறைப்பாக நிற்கிறான். நைனாவின் தோள்மேல் உட்கார்ந்திருக்கிறது குட்டித் தேனு. அண்ணன் ஞாபகத்தில் அந்தப் படத்தில் இருப்பது அவனும் நைனாவும் மட்டும்தான். தங்கையைத் தூக்கி எறிந்தபோது கூடவே தன்னையும் எறிந்துவிட்டான், அதுகூடத் தெரியாமல் தேடிக்கொண்டிருக்கிறான்.

"இருக்குதுண்ணா. ஆனா அத எடுக்க அட்மின் எங்கிட்ட இருக்கணுமே" என்றேன்.

"அத எப்படிக் குடுக்கறது?"

சொல்லிக் கொடுத்தேன். "இன்னா எழவோ, எடுத்துக்க" என்று அழுத்திவிட்டான். நான் செய்ததில் ஒளிவுமறைவும் இல்லை, வெட்கமும் இல்லை. குப்பைத் தொட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மீட்டேன். மொட்டைத் தேனு வந்தாள், பல் விழுந்த தேனு வந்தாள். நைனா வாய் நிறையச் சோற்றோடு வந்தார். அடுத்ததாக அண்ணனின் பெயருக்குப் போய், பார்க்கும் உரிமையை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்தேன். பிறகு கோட்டைப் படத்தை அவனுக்குக் காட்டினேன்.

"இதுல அது இருக்குது" என்றான்.

"ஆமா. அன்னிக்கும் இருந்தா."

"அத கட் பண்ணிட்டுக் குடு."

"நல்லாப் பாருண்ணா. அவ ரெண்டு கையும் நைனா நெத்தியப் புடிச்சிக்கினு இருக்குது. அவள வெட்டினா நைனா தலையும் போவும். முழுசா வேணும்னா இப்பவே அனுப்பறேன். வெட்டித் தர மாட்டேன்."

"உங்கிட்ட வந்து கேட்டேம் பாரு, என்னச் சொல்லணும்."

வைத்துவிட்டான்.

7

திதிக்கு முந்தின நாள் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். தேனு படம் எடுத்து அனுப்பினாள். வாக்காளர் அட்டையில் இருக்கும் தபால்தலை அளவுப் படத்தை வாசற்கதவு அளவுக்கு இழுத்திருக்கிறான். கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. போலீஸ் தேடும் ஆளைப் போல இருக்கிறார் நைனா. கீழே கொட்டை எழுத்தில் மகன் ஏழுமலை. தங்கை இருக்கும் படத்தைப் போடுவதைவிடப் பெற்ற தகப்பனை அசிங்கப்படுத்துவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது, செய்தி வந்த அன்றைக்குப் பிறகு வராத அழுகை.

தேனு அழவில்லை. "அந்தச் சாப்பிடற போட்டோவ பெரிய சைசுல அனுப்புக்கா" என்றாள். வீட்டில் மாட்டத்தான் என்று நினைத்து, தரம் குறையாமல் அனுப்பினேன்.

விடிந்ததும் அவளிடமிருந்து வேறொரு படம் வந்தது. அண்ணனின் ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், இன்னொன்று. நைனா சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறார். கன்னம் உப்பியிருக்கிறது, குழம்புக் கை பளபளக்கிறது. பின்னால் மாதா, சீரியல் லைட்டு. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மகள் தேன்மொழி, மருமகன் அருள்தாஸ். வேறு ஒரு வரியும் இல்லை.

"கடைக்காரரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'இன்னாம்மா இது, அஞ்சலிக்கு யாராச்சும் சாப்பிடற போட்டோவப் போடுவாங்களா, வேற இல்லியா?'ன்னாரு. 'இருக்குதுண்ணா, எனக்கு இதான் வேணும்'ன்னேன். போட்டுட்டாரு."

அன்று எனக்கு அலுவலகத்தில் ஒரு கூட்டம். பாதியில் அண்ணனின் போன் வந்தது. வெளியே வந்து எடுத்தேன்.

"அமுதா, அந்தப் பேனரப் பாத்தியா? பஸ்ஸ விட்டு எறங்கறவன்லாம் நின்னு பாக்கறான். 'இன்னா ஏழுமல, உங்க நைனா பச்சத்தண்ணி குடிக்கலன்னியே, கறிசோறே துன்னுக்கினு இருக்காரு'ங்கறான். ஊர்ல தல காட்ட முடியல. அத எறக்கச் சொல்லு."

"அது நைனாவே இல்லன்னியேண்ணா. யாரோ ஒருத்தர் சாப்பிடறாரு, உனக்கின்னா?"

பல்லைக் கடிப்பது கேட்டது. பிறகு குரல் இறங்கியது. "நீ சொன்னா கேப்பா."

"யாரு?"

பஸ் ஹாரனும், தின்பண்டம் விற்கும் குரலும் கேட்டுக்கொண்டிருந்தன. அந்த ஃப்ளெக்ஸின் கீழேயே நின்றுதான் பேசுகிறான் என்று தோன்றியது.

"யாரு கேப்பாண்ணா? பேரச் சொல்லு."

"விளையாடாத அமுதா."

"கட்டினது அவ. எறக்கறதும் எறக்காததும் அவ இஷ்டம். ஒரு போன் பண்ணிக் கேளு. நம்பர் இல்லன்னா நான் அனுப்பறேன்."

வைத்துவிட்டான். நான் தேனுவின் நம்பரை அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. இதை எழுதும் வரைக்கும் தேனுவுக்கு அவனிடமிருந்து போன் வரவில்லை, அவளும் ஃப்ளெக்ஸை இறக்கவில்லை.